இன்னிக்கு ‘க்ளைமேட்’ சூப்பரா? தப்பு... தெரியுமா?

பெரம்பலூர், அரியலூர் மாணவர்களே, மழைக்காலம் வந்தாச்சு! குடையோடு இந்த வானிலை ஆங்கிலத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்!

● நாலு தூறல் போட்டதும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் “டுடே க்ளைமேட் இஸ் சூப்பர்” என்கிறோமே, அந்த க்ளைமேட்டைக் கணக்கிட எத்தனை காலம் எடுப்பார்கள் தெரியுமா? 30 வருஷம்! ஓர் ஊரின் வானிலையை அத்தனை வருஷம் அளந்து எடுக்கும் சராசரிதான் க்ளைமேட். இன்றைக்கு இருப்பது வெறும் ‘வெதர்’. அதற்கு முன்னால் ‘எ’ வராது. ‘வாட் எ லவ்லி வெதர்’ தப்பு. ‘வாட் லவ்லி வெதர்’ சரி!

● மார்கழி விடியலில் பனி கொட்டுகிறதா? ‘ஸ்னோ இஸ் ஃபாலிங்’ என்று எழுதிவிடாதீர்கள். படிப்பவர் அரியலூரை இமயமலையில் தேடுவார்! இலையில் முத்து முத்தாக நிற்பது ‘ட்யூ’. ரோட்டில் லேசாகக் கவிவது ‘மிஸ்ட்’. ஒரு கிலோமீட்டர் தூரம்கூடக் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது ‘ஃபாக்’!

● தமிழில் வெயிலும் அடிக்கும், காற்றும் அடிக்கும். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு வினை! சன் ‘ஷைன்ஸ்’, விண்ட் ‘ப்ளோஸ்’, லைட்னிங் ‘ஃப்ளாஷஸ்’. மழைக்கோ ‘இட் இஸ் ரெய்னிங்’. யார் அந்த ‘இட்’? யாருமே இல்லை! எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காதே என்று நிறுத்திவைத்த டம்மி! தூறினால் ‘இட் இஸ் ட்ரிஸ்லிங்’, ஆலங்கட்டி விழுந்தால் ‘இட் இஸ் ஹெய்லிங்’, கொட்டித் தீர்த்தால் ‘இட் இஸ் போரிங்’ (போர்வெல் போடுவது இல்லை!).

● காலையிலிருந்து விடாத மழையா? ‘இட் இஸ் ரெய்னிங் ஃப்ரம் மார்னிங்’ தப்பு. ‘இட் ஹேஸ் பீன் ரெய்னிங் சின்ஸ் மார்னிங்’ என்பதே சரி. மழை விட்டதும் ‘ரெய்ன் லெஃப்ட்’ என்னாதீர்கள். ‘தி ரெய்ன் ஹேஸ் ஸ்டாப்ட்’!

● மழை என்றால் ‘ஹெவி’, காற்று என்றால் ‘ஸ்ட்ராங்’. ‘ஹெவி விண்ட்’ கிடையாது! அந்த ‘ஹெவி’க்கு வானிலைத் துறை அளவே வைத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட வேண்டும். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயக் காட்டில் ஒரே ஏக்கரில் அவ்வளவு பெய்தால் எவ்வளவு தண்ணீர் தெரியுமா? சுமார் 2.6 லட்சம் லிட்டர்!

● ‘சைக்ளோன்’ என்ற சொல் பிறந்தது இங்கிலாந்தில் இல்லை, நம் கல்கத்தாவில்! புயலின் சுழற்சியைப் பார்த்து, பாம்பின் சுருளைச் சொல்லும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1840-களில் அதை உருவாக்கியவர் ஹென்றி பிடிங்டன்.

● எல்லாவற்றுக்கும் மேல் இது! ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த நம் பகுதிப் பாறைகளை ஆராய்ந்து, அவற்றில் ஒரு தொகுதிக்கு ‘அரியலூர்’ என்றே பெயர் வைத்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? அவரேதான்! 1886-ல் நாட்டின் முதல் முறையான பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டவரும் அவரே!