யாரு வீட்டுப் பையன் நீ?

தெற்கு டெல்லியின் ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், அரை நூற்றாண்டாகத் தமிழ்க் குடும்பங்கள் வேர்விட்டிருந்த இடம் அது. ஏறத்தாழ 370 குடும்பங்கள். பெண்களில் பலர் சுற்றுவட்டாரத்து வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். வடிகால் அடைத்துக்கொண்டு மழைக்காலத்தில் சுற்றுப்புறம் மூழ்குகிறது, ஆக்கிரமிப்பை அகற்றித் தூர்வார வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் மே 9-ஆம் தேதி உத்தரவிட்டிருந்தது. மாற்று வீடு பெறத் தகுதி உண்டென்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்டது ஏறத்தாழ பாதிக் குடும்பங்களைத்தான். அவர்களுக்கும் வீடு கிடைத்தது நகரத்தின் வடகோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில். பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட்டில் உள்ள டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படிப்பு என்னவாகும் என்பதே அந்த நாட்களில் பெற்றோரைத் தூங்கவிடாத கவலைகளில் ஒன்று.

எத்தனை குடும்பம், எத்தனை வீடு, எவ்வளவு தூரம் என்று அப்போது நிறையப் பேசப்பட்டது. பேசவேண்டிய கணக்குகள்தான். ஆனால் இவற்றோடு இன்னொன்றும் இடிந்தது. அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அது என்னவென்று புரிய, நெருக்கமான எந்தக் குடியிருப்புச் சந்தினையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பள்ளி நேரத்தில் சீருடையோடு டீக்கடை ஓரமாக நிற்கிறான். குழாயடியில் குடத்தை இறக்கிவைத்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்க்கிறார். “ஏன்டா, இன்னிக்கு ஸ்கூல் லீவா? உங்கம்மா வரட்டும், சொல்றேன்.” பையன் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடுகிறான். அந்த அம்மாள் அவனுக்கு ரத்த உறவில்லை; அத்தை என்று கூப்பிடுவான். அவனைக் கேட்கும் உரிமையை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பத்து வருடம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்ததில் வந்த உரிமை அது. இளைஞர்களிடம் ஒழுக்கம் குறைந்துவிட்டது என்று மேடைதோறும் வருந்துகிறோம். அந்த ஒழுக்கத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஒரு பார்வையில், ஒரு கேள்வியில்தான் தங்கியிருக்கிறது என்பது என் துணிபு. அதைக் கலைத்துவிட்டுப் பாடத்திட்டத்தில் நெறிகளைச் சேர்ப்பது, கிணற்றைத் தூர்த்துவிட்டு வாளி வாங்கிக் கொடுப்பதற்குச் சமம்.

பாடத்திட்டத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தலாய் லாமா தொடங்கிவைத்த ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ நல்லெண்ணத்தோடு வந்த முயற்சி. மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, சுமார் 8 லட்சம் மாணவர்களுக்கு, தனியாக ஒரு பாடவேளை. தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. கண்ணை மூடி அமைதியாக இருக்கவும், கதை கேட்டுப் பேசவும் நேரம் ஒதுக்கப்பட்டது. மனப்பாடத்தில் மூச்சுமுட்டும் பிள்ளைகளுக்கு அது காற்று. 2021 செப்டம்பரில் தேசபக்திப் பாடத்திட்டமும் வந்தது. இவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். இவற்றின் மேல் நாம் ஏற்றிவைக்கும் எதிர்பார்ப்புதான் தவறு. நீதி வகுப்பு நேர்மையை வளர்க்குமா என்ற கேள்வியை அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் கையிலெடுத்தார்கள். சுமார் 11,000 பிள்ளைகளை, பொய் சொல்லவும் ஏமாற்றவும் வாய்ப்புள்ள பலவித சூழல்களில் நிறுத்திப் பார்த்து 1928-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தேர்வில் நேர்மையாக இருந்த பிள்ளை விளையாட்டிலும் நேர்மையாக இருக்கும் என்று சொல்லமுடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீதி வகுப்புக்குப் போவதும் பெரிய மாற்றம் எதையும் காட்டவில்லை. ஆனால் ஒரே வகுப்பறையில் இருந்தவர்களின் நடத்தை ஒன்றுபோல இருந்தது. நண்பர்கள் நண்பர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். நேர்மையைப் பிள்ளை தனியாகச் சுமந்து திரிவதில்லை. எந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்கிறதோ, அந்தக் கூட்டத்திடமிருந்து அதைக் கடன் வாங்கிக்கொள்கிறது.

கூட்டம் என்றால் வகுப்பறை மட்டும்தானா, தெருவும் உண்டா? இதற்குச் சிகாகோவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்ஸனும் அவருடைய சகாக்களும் அந்நகரின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் எளிமையான சில கேள்விகள் கேட்டார்கள். உங்கள் தெருமுனையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் நின்றால் அக்கம்பக்கத்தார் தட்டிக் கேட்பார்களா? சுவரில் கிறுக்கினால்? பெரியவர்களை மரியாதை இல்லாமல் பேசினால்? குழாயடி அம்மாள் கேட்ட அதே கேள்விகளை ஆராய்ச்சியாளர்கள் கேட்டிருக்கிறார்கள். 1997-இல் வெளியான முடிவு இது: தட்டிக் கேட்பார்கள் என்ற நம்பிக்கையும், ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கமும் உள்ள பகுதிகளில் வன்முறை குறைவு. வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் குறைவு. அந்த நம்பிக்கை எங்கே வளர்கிறது என்று பார்த்தபோது, அழுத்தும் வறுமை அதைக் குலைப்பது தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் குடியிருப்பது அதை வளர்ப்பதும் தெரிந்தது. நம் மதராஸி கேம்ப் மக்களுக்கு வறுமை என்ற பாதகம் இருந்தது, நிலைத்து வாழ்ந்தது என்ற பலம் இருந்தது. இடிப்பு அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது பலத்தைத்தான்.

டெல்லிக்கு இது புதிதல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975-க்கும் 1977-க்கும் இடையில், நகரின் நடுவிலிருந்து லட்சக்கணக்கானோர் பெயர்க்கப்பட்டு யமுனைக்கு அப்பாலும் மேற்கு ஓரங்களிலும் இறக்கப்பட்டார்கள். திரிலோக்புரி, மங்கோல்புரி போன்ற பெயர்கள் அந்தக் கதையைச் சுமப்பவை. 2004-இல் யமுனைக் கரையின் யமுனா புஷ்தா குடியிருப்பு இடிக்கப்பட்டது. பிறகு பவானா, சவ்தா கேவ்ரா போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகள். ஒவ்வொரு முறையும் குடிசைகளை எண்ணினார்கள், மனைகளை எண்ணினார்கள். யாருக்கு யார் பக்கத்து வீடு என்பதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் டெல்லி அரசின் 2015-ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கையே இதை உணர்ந்திருக்கிறது. இருக்கும் இடத்திலேயே, முடியாவிட்டால் 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மாற்று வீடு தரவேண்டும். அதற்கு மேல் போவது விதிவிலக்கான நேரங்களில்தான் என்கிறது அது. நாற்பது கிலோமீட்டர் என்பது அந்த வரம்பைப் போல எட்டு மடங்கு.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. சாக்கடைக் கரையில் கொசுக்கடியில் வாழ்ந்ததைப் பொற்காலமாக்குவதா? பக்கா வீடும் கழிப்பறையும் கிடைத்தால் பிள்ளைகளின் வாழ்வு மேம்படாதா? வடிகால் கரை வாழ்க்கையில் காவியம் ஏதும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்த மக்களும் நல்ல வீட்டை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வீடு மட்டும் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. அகமதாபாத்தில் 1987-இல், பீடி சுற்றும் பெண்களுக்கு ஊருக்கு வெளியே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தள்ளிக் குலுக்கல் முறையில் நல்ல வீடுகள் வழங்கப்பட்டன. 14 ஆண்டுகள் கழித்து பார்ன்ஹார்ட், ஃபீல்டு, ரோகிணி பாண்டே ஆகிய பொருளாதார அறிஞர்கள் போய்ப் பார்த்தார்கள். வீடு கிடைத்தவர்களில் 34 விழுக்காட்டினர் குடியே போகவில்லை. மேலும் 32 விழுக்காட்டினர் போய்விட்டுத் திரும்பிவிட்டார்கள். வருமானத்திலோ பிள்ளைகளின் நிலையிலோ, வீடு கிடைக்காதவர்களைவிட அவர்கள் உயர்ந்துவிடவில்லை. அவசரத்துக்குக் கைமாற்று தரும் உறவும் பழகிய முகமும் தூரமாகிப் போனதுதான் மிச்சம். இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1990-களில் ஏழைக் குடும்பங்களை நல்ல பகுதிகளுக்கு மாற்றிய திட்டத்தில், 13 வயதுக்குள் இடம்பெயர்ந்த பிள்ளைகள் பெரியவர்களானபோது கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆனால் பதின்வயதில் பெயர்த்து நடப்பட்டவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. சிறு இழப்பே தெரிந்தது. அந்தக் குடும்பங்களாவது வசதி கூடிய பகுதிக்குப் போயின. நரேலாவை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அங்கே டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய அடுக்ககங்கள் வாங்க ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தவை.

இன்னொரு மறுப்புதான் என்னை உண்மையில் தொந்தரவு செய்கிறது. ஊர்க்கண் எப்போதும் நல்ல கண்ணா? டீக்கடைப் பையனை விரட்டும் அதே பார்வை, வேற்றுச் சாதிப் பையனோடு பேசிய பெண்ணையும் வேவு பார்க்கிறது. ஆணவக் கொலைகள் நெருக்கம் குறைந்த இடத்தில் நடப்பதில்லை. நெருக்கம் கூடிய இடத்தில்தான் நடக்கின்றன. இதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. டெல்லியே இதற்குச் சாட்சி. 1984 நவம்பர் தொடக்கத்தில் சீக்கியர்கள் மிகக் கொடூரமாகக் கொல்லப்பட்ட இடங்களில் ஒன்று திரிலோக்புரி. நெருக்கடி நிலையில் உருவாகிப் பத்து ஆண்டுகூட நிறையாத குடியிருப்பு. அதே நாட்களில் நகரெங்கும் அண்டை வீட்டார் சீக்கியக் குடும்பங்களைத் தம் வீடுகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதையும், மக்கள் உரிமை அமைப்புகள் அந்த மாதமே வெளியிட்ட உண்மை அறியும் அறிக்கை பதிவு செய்தது. மாணவர்களும் இளைஞர்களும் நாகரிக் ஏக்தா மஞ்ச் என்ற பெயரில் திரண்டு நிவாரண முகாம்களில் இறங்கி வேலை செய்தார்கள். காப்பாற்றியதும் அக்கம்பக்கம்தான், காட்டிக்கொடுத்ததும் அக்கம்பக்கம்தான். ஆகவே பிணைப்பு இருந்தால் போதும் என்று சொல்ல முடியாது. ‘நம்மவர்’ என்ற சொல்லுக்குள் யார் யாரைச் சேர்த்துக்கொள்ளப் பிள்ளைகள் பழகுகிறார்கள் என்பதில்தான் மீதி இருக்கிறது.

அந்தப் பழக்கத்தை மாற்ற முடியும் என்பதற்கு இங்கிலாந்தில் லாங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவைனும் சகாக்களும் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஒரு சோதனை கைகொடுக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களான இளைஞர்களை முதலில் தங்கள் அணியைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டு வெளியே அனுப்பினார்கள். வழியில் ஒருவர் ஓடிவந்து விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார். தம் அணிச் சட்டை போட்டிருந்தால் கிட்டத்தட்ட எல்லோரும் ஓடி உதவினார்கள். எதிரணியான லிவர்பூல் சட்டை என்றால் பத்துக்கு மூவர்தான். வேறு சில ரசிகர்களிடம், கால்பந்தை நேசிப்பவர்கள் என்ற முறையில் எழுதச் சொன்னபோது, லிவர்பூல் சட்டைக்காரருக்குப் பத்தில் ஏழு பேர் உதவினார்கள். மனம் அதே மனம். ‘நாம்’ என்பதன் எல்லை மட்டும் சற்று நேரத்தில் விரிந்தது. ஆனால் அணிச் சட்டை இல்லாமல் சாதாரண உடையில் விழுந்தவருக்கு உதவியவர்கள் அப்போதும் குறைவு. அந்தக் கடைசிக் கோட்டைத் தாண்டுவதற்கு ஒரு நாள் பயிற்சி போதாது, தினசரி வேலை வேண்டும்.

அந்தத் தினசரி வேலை டெல்லியில் கண்ணெதிரே நடக்கிறது. பங்களா சாஹிப் குருத்வாராவின் செருப்புக் காப்பிடத்தை, அவர்கள் மொழியில் ஜோடா கர், போய்ப் பாருங்கள். பதின்வயதுப் பிள்ளைகளும் நடுவயதுக்காரர்களும் வரிசையாக நிற்கிறார்கள். வருகிறவர் யாரென்று கேட்பதில்லை. தூசி படிந்த செருப்பைக் கையால் வாங்கி, துணியால் துடைத்து, அறையில் வைத்து, எண் பொறித்த வில்லையைத் தருகிறார்கள். உள்ளே லங்கர் என்னும் பொதுப் பந்தியில் அதே வயதுப் பிள்ளைகள் ரொட்டிக் கூடையோடு வரிசைக்கு நடுவே நடக்கிறார்கள். சேவை என்றால் என்னவென்று அங்கே யாரும் வகுப்பெடுப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் மாமாவோ பாட்டியோ செய்கிறார், பிள்ளையும் செய்கிறது. தன் சமூகத்தார் பார்க்கத் தன் சமூகத்தைச் சேராதவருக்குச் செய்யும் வேலை அது. 2021 ஏப்ரலில் ஆக்சிஜனுக்கு நகரமே அலைந்தபோது, டெல்லியை ஒட்டிய இந்திராபுரம் குருத்வாராவின் வாசலில் யார் எவரென்று கேட்காமல் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுக்கத் தொண்டர்கள் நின்றார்கள். ஒரே நாளில் முளைத்த துணிச்சல் அல்ல அது. செருப்புத் துடைத்த கைகளுக்குப் பழகிப்போயிருந்த காரியம்.

டெல்லித் தமிழர்களுக்கும் இப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. வேலை நிமித்தம் வடக்கே வந்த அரசு ஊழியர்கள் தம் பிள்ளைகளுக்காக 1923-இல் தொடங்கியதுதான் பின்னாளில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஆனது. இன்று அதன் ஏழு பள்ளிகளில் இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள், தமிழும் படிக்கிறார்கள். நம்மவருக்காகக் கட்டிய கட்டடம் மற்றவருக்கும் திறந்தது. அதனால் நம் தமிழ் தேய்ந்துவிடவில்லை. மதராஸி கேம்ப் பிள்ளைகளும், செக்ரட்டேரியட் அதிகாரி வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கழகத்தின் மாணவர்கள் என்பதை நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொண்டோமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஃபோனிலேயே உறவு கிடைத்துவிடுகிறதே என்பார்கள் சிலர். கிடைக்கிறது, உண்மைதான். நரேலாவிலிருந்து பழைய சிநேகிதனோடு வாட்ஸ்அப்பில் பேசலாம். ஆனால் பள்ளி நேரத்தில் இவன் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதை அந்தச் சிநேகிதன் பார்க்க முடியாது. பார்த்தாலும் அம்மாவிடம் சொல்லமாட்டான்.

செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. இனி இடம் மாற்றும்போது வீடுகளைத் தனித்தனியாகக் குலுக்கிப் போடாமல், ஒரு சந்தின் குடும்பங்களை ஒரே மாடிப்படிக்கட்டில் சேர்த்துக் கொடுக்கலாம். கணினியில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பிள்ளைகள் உள்ள வீட்டைக் கல்வியாண்டு முடியும்வரை தொடாமல் இருக்கலாம். நரேலாவில் ஒரு தமிழாசிரியரை அமர்த்தலாம், அது கைகூடும்வரை லோதி எஸ்டேட்டுக்கு ஒரு பள்ளிப் பேருந்து விடலாம். டெல்லித் தமிழ்ச் சங்கம் 1946-இலிருந்து நடக்கிறது. ராமகிருஷ்ணபுரத்து அரங்கில் கூடுகிற நம் கல்லூரி இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு மெட்ரோவும் பேருந்தும் பிடித்து அங்கே போய் வரலாம். போய்ப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்றுகூட இல்லை. முகங்கள் பழகட்டும். நான்கைந்து ஞாயிறு போய்வந்த பிறகு, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனிடம் “யாரு வீட்டுப் பையன் நீ?” என்று கேட்கலாம், அவனும் பதில் சொல்வான்.