ஆறவிடாத விரல்கள்

தோலை நோண்டும் பழக்கம் ஏதோ ஓர் அளவில் எல்லோரிடமும் உண்டு. முகப்பருவைக் கிள்ளுவது, காய்ந்த உதட்டுத் தோலைப் பல்லால் இழுப்பது, நகக்கண்ணில் நீட்டிக்கொண்டிருக்கும் தோலைப் பிய்ப்பது, ஆறிவரும் புண்ணின் பொருக்கை உரிப்பது என்று அதற்குப் பல வடிவங்கள். பெரும்பாலோருக்கு அது அத்தோடு போய்விடும். சிலருக்குப் போவதில்லை. நோண்டி ரத்தம் வருகிறது, புண்ணாகிறது, புண் ஆறும் முன்பே விரல் மறுபடி அங்கே போகிறது. நிறுத்த வேண்டும் என்று எத்தனை முறை முடிவெடுத்தாலும் நிற்பதில்லை. கல்யாண வீட்டுக்குப் போகக் கூச்சம், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை என்று அன்றாட வாழ்க்கையே அதைச் சுற்றி மாறிவிடுகிறது.

இந்த நிலையை மருத்துவம் ஒரு மனநலக் கோளாறாகவே கருதுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேடு ‘எக்ஸ்கோரியேஷன் டிஸார்டர்’ என்ற பெயரில் இதற்குத் தனி இடம் கொடுத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. இரண்டிலுமே இது ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோயின் வகையறாவில், தலைமுடியைப் பிடுங்கும் கோளாறுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

பட்டியலில் ஏறியது அண்மையில்தான் என்றாலும் மருத்துவர்களுக்கு இது புதிதல்ல. இங்கிலாந்தின் தோல் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் 1875இலேயே இதைப் பதிவு செய்தார். பிரான்ஸின் லூயி புரோக் 1898இல், சிறு பருக்களைக்கூட விடாமல் நோண்டிப் பெரும் புண்ணாக்கிக்கொள்ளும் இளம்பெண்களைப் பற்றி எழுதினார். நூறு பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரையிலானோருக்கு இந்தச் சிக்கல் இருக்கலாம் என்று வெவ்வேறு ஆய்வுகள் கணிக்கின்றன. சிகிச்சைக்கு வருபவர்களில் பெண்களே அதிகம். பெரும்பாலும் முகப்பரு எட்டிப்பார்க்கும் பதின்பருவத்தில் இது தொடங்குகிறது.

நோண்டுவது ஏன் நிற்பதில்லை?

நோண்டுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, அறியாமல் நடப்பது. பாடம் படிக்கும்போது, செல்போன் பார்க்கும்போது, கணினி முன் உட்கார்ந்திருக்கும்போது விரல் தானாக மோவாயைத் தடவும். எங்காவது சொரசொரப்பு தட்டுப்பட்டால் நகம் அங்கே நின்றுவிடும். ஈரம் பட்ட பிறகுதான் ரத்தம் வந்திருப்பதே தெரியும். மற்றொன்று, அறிந்தே செய்வது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘இதை மட்டும் எடுத்துவிடலாம்’ என்று தொடங்கினால் அரைமணி நேரம் ஓடிவிடும். ஒரே ஆளிடம் இரண்டும் கலந்திருப்பதே வழக்கம்.

தேர்வு, கடன், வேலைப் பளு, வீட்டுச் சண்டை என்று மனப்பதற்றம் ஏறும்போது நோண்டுவதும் கூடுகிறது. நோண்டும் அந்தச் சில நிமிடங்களில் பதற்றம் தணிந்ததுபோல் இருக்கும். மூளை இதை ஒரு நிவாரணமாகக் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை மனம் கலங்கினால் விரல் முன்பைவிட வேகமாகத் தோலைத் தேடிப் போகும். ஆனால் கண்ணாடியில் புண்ணைப் பார்த்ததும் குற்ற உணர்வும் வெட்கமும் சேர்ந்து பதற்றத்தை மறுபடி ஏற்றிவிடுகின்றன. பதற்றம் மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. சலிப்பு, தனிமை, களைப்பு ஆகியவையும் தூண்டும். தோலில் மேடுபள்ளமே இருக்கக் கூடாது என்ற எண்ணமும் தூண்டும்.

உண்மையான அரிப்பினால் சொறிவது வேறு. சொறி சிரங்கு, எக்ஸிமா, சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு, இரும்புச் சத்துக் குறைவு ஆகியவை அரிப்பைத் தரலாம். சில போதைப்பொருள்களும் தோலைப் பிய்க்கத் தூண்டும். தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று ஒருவர் உறுதியாக நம்பினால் அது தனியாகக் கவனிக்க வேண்டிய மனநோய். ஆகவே முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டி, வேறு காரணம் உண்டா என்று தெரிந்துகொள்வது நல்லது.

தோலுக்குள் நடப்பது

புண்பட்ட இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. அடுத்த சில நாள்கள் அங்கே சிவந்து, லேசாக வீங்கி, சூடாக இருக்கும். வெள்ளணுக்கள் கிருமிகளையும் சிதைந்த திசுவையும் அகற்றும் நேரம் அது. அதன்பின் புதிய ரத்தக் குழாய்களும் இணைப்புத் திசுவும் உருவாகின்றன. மேல்தோல் செல்கள் புண்ணின் ஓரங்களிலிருந்து உள்நோக்கி நகர்ந்து இடைவெளியை மூடுகின்றன. மூடிய பிறகும் உள்ளே சீரமைப்பு வேலை பல மாதங்கள் நடக்கும். பொருக்கை உரிக்கும்போது, நகர்ந்து வந்துகொண்டிருந்த அந்தச் செல்களும் சேர்ந்து பிய்ந்து போகின்றன. வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

மேல்தோல் மட்டும் சிதைந்தால் வடு இல்லாமல் ஆறிவிடும். காயம் அடித்தோல் வரை போனால் தழும்பு நிற்கும். மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் இன்னொரு சிக்கல் உண்டு. காயத்தின் அழற்சியால் நிறமிச் செல்கள் கூடுதலாக மெலனினைச் சுரப்பதால், புண் ஆறிய இடத்தில் கரும்புள்ளி விழுகிறது. அது தழும்பு அல்ல. பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். ஆனால் வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். இந்தப் புள்ளியைப் பார்த்து மறுபடி நோண்டுபவர்கள் ஏராளம்.

காய்ந்து தடித்த பொருக்குதான் விரலுக்கு மிகப் பெரிய தூண்டில். அதன் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால் போதும், விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே புண்ணை நன்றாகப் பராமரிப்பது தோலுக்கான வைத்தியம் மட்டுமல்ல, பழக்கத்துக்கான வைத்தியமும்கூட.

புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது?

புண்ணைக் காற்றாட விட்டால் சீக்கிரம் காயும் என்பது பரவலான நம்பிக்கை. காயும் என்பது சரி. சீக்கிரம் ஆறும் என்பது சரியல்ல. பிரிட்டன் ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையை 1962இல் வெளியிட்டார். மூடி ஈரமாக வைத்த சிறு காயங்களில், திறந்து காயவிட்டவற்றைவிட ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் மேல்தோல் வளர்ந்திருந்தது. இன்றைய காயப் பராமரிப்பு பெரிதும் அந்த அடிப்படையில்தான் நடக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. கையைக் கழுவிவிட்டு, மென்மையான சோப்பும் தண்ணீரும் கொண்டு புண்ணைக் கழுவ வேண்டும். ஒற்றித் துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவி, ஒட்டுப் பிளாஸ்திரியால் மூட வேண்டும். நாளுக்கு ஒருமுறையும், நனைந்தாலும் அழுக்கானாலும் உடனேயும் பிளாஸ்திரியை மாற்ற வேண்டும். பருக்களுக்கும் சிறு புண்களுக்கும் ‘ஹைட்ரோகொல்லாய்டு’ என்ற ஒட்டுகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. அவை கசியும் நீரை உறிஞ்சிப் புண்ணை ஈரமாகவே வைக்கும். விரலுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தடுப்பாகவும் இருக்கும். ஒட்டு முகத்தில் தெரிவதற்குக் கூச்சப்படுபவர்கள் இரவில் மட்டுமாவது போட்டுக்கொள்ளலாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு புதிய செல்களையும் தாக்குகின்றன. தினமும் ஊற்றினால் புண் ஆறுவது தாமதப்படும். பற்பசை, எலுமிச்சைச் சாறு, காப்பித்தூள் போன்றவற்றைத் திறந்த புண்ணில் வைக்கக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் மருந்துக் கடையில் வாங்கும் ‘சிவப்பழகு’ கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கரும்புள்ளிக்கென்று அவற்றை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, பரு கூடி, நோண்டுவதற்கு இன்னும் இடம் கிடைத்துவிடும்.

புண் மூடிய பிறகு பகலில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் தடவினால் கரும்புள்ளி ஆழமாகாமல் தடுக்கலாம். முகப்பரு இருந்தால் அதற்கு முறையான சிகிச்சை எடுப்பது அவசியம். பரு குறைந்தால் விரலுக்கு வேலையும் குறையும். சிவப்பு பரவுதல், சூடு, வலி கூடுதல், சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சிறு புண்ணையும், குறிப்பாகக் காலில் வரும் புண்ணை, அலட்சியப்படுத்தக் கூடாது.

விரல்களைப் பழக்குவது

இந்தக் கோளாறுக்கு நன்கு பலன் தரும் உளவியல் சிகிச்சை, பழக்கத்தைத் திருப்பும் பயிற்சி. நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் நகம் கடித்தல் போன்ற பழக்கங்களுக்காக 1973இல் இதை வகுத்தார்கள். இதன் முதல் படி கவனிப்பு. ஒரு வாரம் ஒரு சிறு நோட்டில் எழுதிவைக்க வேண்டும்: எத்தனை மணி, எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தோம், மனம் எப்படி இருந்தது, எந்த இடத்தை நோண்டினோம். ‘இரவு 10.30, கட்டில், செல்போன், நாளைய வேலையை நினைத்துக் கவலை, இடது தோள்’ என்று ஒரு வரி போதும். ஏழு நாளில் ஒரு ஒழுங்கு தெரியவரும். நாள் முழுக்க நோண்டுவதாக நினைத்தவர்கள்கூட, இரண்டு மூன்று நேரங்களிலும் இடங்களிலும்தான் அது அதிகம் நடக்கிறது என்று கண்டுகொள்வார்கள்.

இரண்டாவது படி மாற்றுச் செயல். விரல் தோலை நோக்கிப் போகத் தொடங்கியதுமே, நோண்டவே முடியாதபடி கைகளுக்கு வேறொரு வேலை கொடுக்க வேண்டும். கையை மடக்கி முஷ்டியாக இறுக்குவது, இரு கைகளையும் கோத்துக்கொள்வது, ஒரு ரப்பர் பந்தை அழுத்துவது போன்றவை இதற்கு ஏற்றவை. ஒரு நிமிடமாவது அப்படியே இருக்க வேண்டும். நோண்டத் தூண்டும் அந்த உந்துதல் உச்சிக்குப் போய்த் தானே இறங்கும் என்பதை அனுபவத்தில் கண்டுகொள்வதுதான் இதன் சாரம். வீட்டு வேலைகளிலும் விரலுக்கு வேலை தருபவை உண்டு: பூத் தொடுப்பது, கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது. மாலையில் நோண்டுபவர்கள் அந்த நேரத்துக்கு இவற்றில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சூழலை மாற்றுவது. நகத்தை ஒட்ட வெட்டுவது, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியையும் ஊசி, முள்வாங்கி ஆகியவற்றையும் கைக்கு எட்டாமல் வைப்பது, குளியலறையில் வெளிச்சத்தைக் குறைப்பது, படிக்கும் நேரத்தில் விரல்நுனிகளில் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வது எல்லாம் பலன் தரும். சிறிய தடைகள்தான். ஆனால் அறியாமல் நடப்பதை அறிய வைப்பதற்கு அதுவே போதும்.

பதற்றமும் மருந்தும்

கையை மட்டும் கட்டிப்போட்டால் பதற்றம் வேறு வழி தேடும். ஒழுங்கான தூக்கம், தினமும் நடை, மூச்சை மெதுவாக நீட்டி விடும் பயிற்சி ஆகியவை பதற்றத்தின் அளவைக் குறைக்கும். ‘இந்தப் பரு இருந்தால் எல்லோரும் என்னையே பார்ப்பார்கள்’ என்பது போன்ற எண்ணங்களைச் சோதித்துப் பார்க்க அறிதிறன் நடத்தைச் சிகிச்சை உதவும்.

இந்தக் கோளாறுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட தனி மாத்திரை இல்லை. பதற்றமோ மனச்சோர்வோ சேர்ந்திருந்தால் மனநல மருத்துவர்கள் எஸ்.எஸ்.ஆர்.ஐ. எனப்படும் மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகளைத் தருவதுண்டு. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தை 66 பேரிடம் 12 வாரங்கள் சோதித்து 2016இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம் இருந்தது. தோல் நோண்டுபவர்களும் முடி பிடுங்குபவர்களுமாக 100 பேரிடம் மெமான்டின் என்ற மருந்தைச் சோதித்த 2023ஆம் ஆண்டு ஆய்விலும் நல்ல பலன் தெரிந்தது. இரண்டும் சிறிய ஆய்வுகள். எந்த மருந்தையும் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

வீட்டார் செய்யக்கூடியது

‘கையை எடு’, ‘மூஞ்சியை நோண்டாதே’ என்று நாள் முழுக்கச் சொல்வதால் பழக்கம் நிற்பதில்லை. வெட்கம்தான் கூடுகிறது, வெட்கம் பதற்றமாகி மறுபடி விரலுக்கே வந்து சேர்கிறது. கையைத் தட்டிவிடுவதும் அப்படித்தான். சம்பந்தப்பட்டவரிடமே கேட்டு, இருவருக்கு மட்டும் புரியும் ஒரு சாடையை முடிவு செய்துகொள்ளலாம். நோண்டாத நேரங்களைக் கவனித்துப் பாராட்டலாம். ‘முகம் என்ன இப்படி ஆகிவிட்டது’ என்ற விசாரிப்பைத் தவிர்த்தாலே பாதி உதவி.

சரியாகிவந்த பழக்கம் ஒரு தேர்வின்போதோ துக்கத்தின்போதோ திரும்பிவருவது சகஜம். அதுவரை கற்றது வீணாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. நோட்டை எடுத்து மறுபடி எழுதத் தொடங்கினால் போதும். சிகிச்சையின் அளவுகோல் ஒரு புண்கூட இல்லாத தோல் அல்ல. புண்களும், நோண்டுவதில் போகும் நேரமும், மறைப்பதற்கான பாடும் குறைவதுதான்.

சொந்த முயற்சியில் சில வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டால், புண் ஆழமாகிக்கொண்டே போனால், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. இது மன உறுதி இல்லாததால் வரும் கெட்ட பழக்கம் அல்ல, சிகிச்சை உள்ள ஒரு கோளாறு. வெட்கப்பட்டு மறைப்பதை விட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.