மருந்துக் கடையும் வயலும்: பீடை முகாமைத்துவம் ஏன் பரவவில்லை?

"காக்கா, வயலில அறக்கொட்டி விழுந்துட்டு. என்னத்த அடிக்கிற?"

சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று பகுதிகளில் விவசாய மருந்துக் கடை நடத்துவோருக்குப் பழகிப்போன கேள்வி இது. கேட்பவர் கையில் பெரும்பாலும் காசிருக்காது. அறுவடையோடு தருவதாகச் சொல்வார். கடைக்காரர் போத்தலையும் கொடுத்து, அளவையும் சொல்லியனுப்புவார். விவசாயப் போதனாசிரியரைக் காண்பதை விட விவசாயி கடைக்காரரைக் காண்பதே அதிகம்.

இந்த இடத்தில்தான் ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம் என்ற திட்டம் சிக்கிக்கொள்கிறது. இது மருந்தே வேண்டாம் என்று சொல்லும் முறையல்ல. முதலில் வயலில் இறங்கிப் பார், பூச்சியையும் அதைத் தின்னும் சிலந்தியையும் எண்ணு, தேவைப்பட்டால் மட்டும் அடி என்பதே அதன் சாரம். நாற்பது நாளுக்கு உட்பட்ட பயிரில் இலை சிறிது கடிபட்டாலும் பயிர் பெரும்பாலும் தேறிக்கொள்ளும். பயந்து முந்தியடித்தால் சிலந்திதான் முதலில் சாகும். பிறகு அறக்கொட்டி தடையின்றிப் பெருகும். அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் அதற்குத் தீனி போடும்.

இந்தோனேசியா இந்தப் பாடத்தை நஷ்டப்பட்டே கற்றது. 1986இல் அந்நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு 57 வகை கிருமிநாசினிகளைத் தடை செய்தது. அங்கு தொடங்கிய விவசாயிகள் வயல் பாடசாலை, 1990களின் நடுப்பகுதியில் இலங்கைக்கும் வந்தது. பலன் இல்லாமலில்லை. பயிற்சி பெற்ற நம் நாட்டு நெற்செய்கையாளர் போகமொன்றுக்குப் பூச்சிமருந்து அடிப்பதைச் சராசரி 2.2 தடவையிலிருந்து 0.4 ஆகக் குறைத்ததாக 2002இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஆனால் தென்னிலங்கை பற்றி 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு சொன்ன செய்தி வேறு. பயிற்சி பெற்றவர் மாறினார். பக்கத்து வயல்காரர் பெரிதாக மாறவில்லை. வரம்புக்கு வரம்பு தொடும் வயல்களில் இது ஏன்?

வியாபாரிக்கு இது விளங்காத கணக்கல்ல. மருந்துச் செலவு சிறியது, விளைச்சல் போனால் நஷ்டம் பெரியது. ஆகவே மருந்து விவசாயிக்கு ஒரு காப்புறுதி மாதிரி. குத்தகைக்காரருக்கு இது இன்னும் கூடுதல். நெல் விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை கொடுத்தாக வேண்டும். வேறு தொழிலும் பார்ப்பவருக்கு வாரந்தோறும் வயலில் இறங்கிப் பூச்சி எண்ண நேரமில்லை. கூலிக்கு ஆள் பிடித்து அடித்துவிட்டால் மனம் ஆறும். பக்கத்து வட்டையில் எல்லோரும் அடிக்கும்போது தான் மட்டும் சும்மா இருக்கும் துணிவும் இலகுவில் வராது. போத்தலைக் கண்ணால் காணலாம், சிலந்தி செய்யும் வேலையைக் காண முடியாது.

மற்றது கடன். மருந்தைக் கடனுக்குக் கொடுக்கக் கடை இருக்கிறது. "அடிக்காதே" என்ற ஆலோசனையைக் கடனுக்குக் கொடுப்பார் யாருமில்லை. விற்றால்தான் கடைக்காரருக்கு இலாபம் என்பதை மறைத்துப் பேசி என்ன பயன்? ஆயினும் தேவையில்லாத மருந்தை விற்ற கடைக்காரரும் தப்புவதில்லை. விளைச்சல் குறைந்தால் முதலில் நின்றுபோவது அவருக்கு வரவேண்டிய கடன்தான்.

2021 மே மாதத்தில் இரசாயன உரம், கிருமிநாசினி இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அந்த அடிக்குப் பிறகு, "மருந்தைக் குறை" என்று யார் சொன்னாலும் விவசாயி சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. தடையும் முகாமைத்துவமும் ஒன்றென்றே பலர் நினைத்துவிட்டனர்.

கிருமிநாசினி விற்க அனுமதிப்பத்திரம் அவசியம் என்பது 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். அந்தப் பத்திரத்தைச் சுவரில் மாட்டியிருப்பவர், போத்தலை எடுக்குமுன் இரண்டு கேள்வி கேட்கலாம்: பயிருக்கு எத்தனை நாள்? தூரை விரித்துப் பார்த்தீரா? பார்க்கவில்லையென்றால், பார்த்துவிட்டு நாளைக்கு வாரும் என்று சொல்லலாம். மறுநாள் வருபவர் மருந்து வாங்கக்கூடும், வெறுங்கையோடு விதைநெல் விலை கேட்டுப் போகவும்கூடும்.