உயரமானவருக்கு ஆயத்தச் சட்டை ஏன் பொருந்துவதில்லை?

ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஒருவர் ஆயத்த ஆடைக் கடைக்குள் நுழைந்தால் என்ன நிகழ்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மார்புக்குச் சரியாக இருக்கும் சட்டையில், கை மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிடுகிறது. கை சரியாக இருக்கும் சட்டையைத் தேடிப் போட்டால், உள்ளே இன்னொருவரும் நுழையலாம் போலத் துணி தொங்குகிறது. "கையை மடித்து விட்டுக்கொள்ளுங்கள் சார், இப்போது அதுதான் ஸ்டைல்" என்கிறார் விற்பனையாளர். வந்தவரும் வேறு வழியின்றித் தலையாட்டிவிட்டுப் பணத்தைச் செலுத்துகிறார்.

இது அற்பச் செய்தி என்று சிலருக்குத் தோன்றலாம். கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயரமான மாணவர்களில் சிலர் ஆண்டு முழுவதும் முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டியே வைத்திருப்பார்கள். எழுந்து நிற்கும்போது தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து, தம் உயரத்தில் இரண்டு அங்குலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட முயல்பவர்போல் நிற்பார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வு வந்துவிட்டாலோ, கையைச் சுருட்டவும் வழியில்லை. தம் உடலமைப்பிலேயே ஏதோ குறை இருப்பதாக அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், சட்டைக்கு அளவு குறிக்கும் முறையில்தான் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. அது என்ன என்று பார்ப்போம்.

165 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய மார்புச் சுற்றளவு 36 அங்குலம். தோளிலிருந்து மணிக்கட்டு வரை சட்டைக் கையின் நீளம் 23½ அங்குலம் என்க. சிறிய நிழற்படத்தைப் பெரிதாக்குவது போல் இவரை எல்லாத் திசைகளிலும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கி, 185 செ.மீ. உயரமுள்ளவராக, அதாவது ஏறக்குறைய ஆறடி ஓர் அங்குலம் உள்ளவராக, ஆக்கிவிடுவோம். உயரம் 1.12 மடங்காகிறது. ஆகவே கையின் நீளம் 26.3 அங்குலம், மார்பு 40.4 அங்குலம். எடையோ நீளம், அகலம், தடிமன் மூன்றும் பெருகுவதால் 1.12இன் மும்மடியாக, சுமார் 1.41 மடங்காகப் பெருகும். அஃதாவது 85 கிலோ.

உலகில் நாம் காணும் 185 செ.மீ. மனிதர்கள் இப்படியா இருக்கிறார்கள்? இல்லை. பெல்ஜியம் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெட்டலே பல மனிதர்களின் உயரத்தையும் எடையையும் ஒப்பிட்டுப் பார்த்து, 1835இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையைக் கூறினார். வளர்ந்த மனிதர்களின் எடை, உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதில்லை. ஏறத்தாழ உயரத்தின் இருமடிக்கு ஏற்பவே கூடுகிறது. மருத்துவர்கள் இன்று எடையை உயரத்தின் இருமடியால் வகுத்துப் பார்க்கும் 'உடல் நிறை எண்' இதிலிருந்து பிறந்ததே. அதற்கு அப்பெயரை 1972இல் ஆன்சல் கீஸும் அவருடைய குழுவினரும் சூட்டினர். இக்கணக்கின்படி நம் 185 செ.மீ. மனிதரின் எடை 75 கிலோவை ஒட்டி இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பெற்ற 85 கிலோவுக்கும் இதற்கும் பத்துக் கிலோ வேறுபாடு.

இனி மனித உடலை ஓர் உருளையாகக் கொள்வோம். (இயற்பியல் ஆசிரியர்கள் எதையும் உருளையாகவோ கோளமாகவோ கொண்டுவிடுவார்கள் என்று மாணவர்கள் சிரிப்பது உண்டு. இங்கு அது நன்றாகவே உதவுகிறது.) உருளையின் கன அளவு, குறுக்குவெட்டுப் பரப்பை உயரத்தால் பெருக்கினால் கிடைப்பது. கன அளவு உயரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்றால், குறுக்குவெட்டுப் பரப்பு உயரத்துக்கு நேர்விகிதத்தில் கூடவேண்டும். பரப்பு ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே ஆரமும், அதைச் சார்ந்த சுற்றளவும், உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மட்டுமே கூடும்.

1.12இன் வர்க்கமூலம் 1.06. ஆகவே மார்பு 36இலிருந்து 38 அங்குலம் ஆகிறது. கூடுவது இரண்டே அங்குலம். கையோ கிட்டத்தட்ட மூன்று அங்குலம் கூடுகிறது. மார்பைவிடக் கை கூடுதலாக வளர்கிறது என்பதை மறுபடியும் ஒருமுறை படித்துப் பாருங்கள். முழுச் சிக்கலும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. உயரமான மனிதர் பெரிதாக்கப்பட்ட குட்டை மனிதர் அல்லர். அவர் இழுத்து நீட்டப்பட்ட மனிதர். (உயிரினங்களில் உருவம் பெருக்கப் பெருக்க எலும்பு விகிதத்துக்கு மேல் தடிக்கவேண்டும் என்று 1638இல் கலிலியோ காட்டினார். ஒரே இனத்துக்குள், வளர்ந்த மனிதர்களிடையே, நாம் காண்பது அதற்கு நேர்மாறு. அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.)

இப்போது கடைக்குத் திரும்புவோம். ஆயத்தச் சட்டைக்கு அளவு குறிப்பது சுற்றளவைக் கொண்டுதான். மார்புச் சுற்றளவோ கழுத்துப்பட்டையின் அளவோ, ஏதேனும் ஒரே ஓர் எண். ஓர் அளவிலிருந்து அடுத்த அளவுக்குப் போகும்போது மார்பு இரண்டு அங்குலம் கூடினால், கை அரை அங்குலத்தை ஒட்டியே கூடுகிறது. ஐயமிருந்தால் ஒரு நாடாவை எடுத்துச் சென்று, ஒரே நிறுவனத்தின் மூன்று அளவுச் சட்டைகளை அளந்து பாருங்கள். இதன்படி, கையில் மூன்று அங்குலம் கூடுதலாக வேண்டும் என்றால் நம் நண்பர் ஆறு அளவுகள் மேலே ஏறவேண்டும்! அப்போது மார்பு 48 அங்குலம் ஆகிவிடும். 38 அங்குல மார்புக்கு 48 அங்குலச் சட்டை என்பது சட்டையன்று, கூடாரம்.

பெரிய அளவில் இன்னொரு தொல்லையும் உண்டு. கையைப் பொருத்தும் வளையம் அதில் கீழே இறங்கிவிடுகிறது. கை தோள்மூட்டை மையமாகக் கொண்டு சுழல்கிறது. வளையத்தின் அடிப்புறம் அக்குளை ஒட்டி, அந்த மையத்துக்கு அருகில் இருந்தால், கை உயரும்போது அது சிறிதளவே மேலே நகரும். கீழே இறங்கி இருந்தால், ஆரம் கூடிவிடுகிறது. அதே கோணத்துக்குக் கூடுதலான தூரம் நகர்ந்து, சட்டையின் பக்கவாட்டையும் இழுத்துக்கொண்டு மேலேறுகிறது. தொளதொளவென்ற சட்டையை அணிந்து கரும்பலகையில் எழுதும் உயரமான ஆசிரியரின் சட்டை, இரண்டு வரி எழுதுவதற்குள் கால்சட்டையிலிருந்து வெளியே வந்துவிடுவது இதனால்தான். தளர்வாக இருந்தால் வசதியாக இருக்கும் என்ற நம் எண்ணம் இங்குப் பொய்த்துவிடுகிறது.

அமெரிக்காவில் முறையான சட்டைகளுக்குக் கழுத்து, கை என்று இரண்டு எண்கள் குறிக்கிறார்கள். ஜீன்ஸ் கால்சட்டைக்குப் பல இடங்களில் இடுப்பு, நீளம் என்று இரண்டு எண்கள் உண்டு. இதுவே சரியான முறை. அப்படியானால் நம் கடைகளில் சட்டைக்கு ஏன் இல்லை?

விடை எண்ணிக்கையில் இருக்கிறது. ஆறு சுற்றளவு, ஐந்து நிறம் என்றால் கடைக்காரர் வைக்கவேண்டியது 30 வகைச் சட்டைகள். ஒவ்வொன்றிலும் மூன்று நீளங்கள் என்றால் 90 வகை. அந்த மூன்றாவது நீளத்தை வாங்க எத்தனை பேர் வருவார்கள்? 1996இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ.; அதே ஆண்டில் பிறந்த நெதர்லாந்து ஆண்களின் சராசரி சுமார் 182.5 செ.மீ. உயரங்கள் சராசரியைச் சுற்றி மணி வடிவில் பரவி நிற்பவை. திட்ட விலக்கத்தை இங்கே 6.5 செ.மீ. என்றும் அங்கே 7 செ.மீ. என்றும் கொண்டு கணக்கிட்டால், 185 செ.மீ.க்கு மேற்பட்டவர் இங்கே ஆயிரத்தில் ஒருவர். அங்கே மூவரில் ஒருவர். ஒரே மனிதர் விமானம் ஏறி ஆம்ஸ்டர்டாமில் இறங்கியதும் சாதாரண மனிதர் ஆகிவிடுகிறார்! ஆகவே நம் ஊர்க் கடைக்காரர்மீது கோபப்படுவதில் பயனில்லை. ஆயிரத்தில் ஒருவருக்காக அவர் அலமாரியை மும்மடங்காக்கமாட்டார்.

நம் வேட்டி இச்சிக்கலை எவ்வளவு எளிதாகத் தீர்த்துவிட்டது என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. வேட்டியின் நீளம் இடுப்பைச் சுற்றிக்கொள்கிறது. அதன் அகலம் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தொங்குகிறது. சுற்றளவும் உயரமும் ஒன்றையொன்று சாராத இரண்டு அளவுகளாகப் பிரிந்துவிட்டன. 50 அங்குல அகலமுள்ள வேட்டி 127 செ.மீ. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உயரமானவருக்கு 110 செ.மீ. தேவைப்பட்டாலும் மேல் மடிப்புக்கு 17 செ.மீ. மிஞ்சுகிறது. குட்டையானவர் கூடுதலாக மடித்துச் சொருகுகிறார், அவ்வளவே. நெட்டையருக்கும் குட்டையருக்கும் ஒரே தறியில் ஒரே அளவில் நெய்யலாம். கத்தரிக்கோல் நுழைந்த பிறகுதான் தொல்லை தொடங்குகிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். கால்சட்டையில் அவ்வளவு இடரில்லை; ஆயத்தக் கால்சட்டைகள் பலவும் நீளமாகவே வருகின்றன, கடையிலேயே வெட்டித் தைத்துக் கொடுக்கிறார்கள். சட்டைக் கையை வெட்டிக் குறைக்கலாம். ஒட்டி நீட்ட முடியாது. எனவே உயரமானவர் சட்டையைத் தையற்காரரிடம் தைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. தைக்கக் கொடுக்குமுன் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதன் காரணம் சுவையானது.

தறியில் பாவு நூல்கள் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. ஊடை நூல் அவற்றினிடையே மேலும் கீழுமாகப் புகுந்து செல்கிறது. துணியாக வெளிவந்த பின்னும் பாவில் அந்த இழுவிசையின் மிச்சம் இருக்கும். பருத்தி இழை நீரை உறிஞ்சினால் நீளத்தில் அநேகமாக மாறுவதில்லை, தடிமனில் பருக்கிறது. பருத்த ஊடை நூலைச் சுற்றி ஏறி இறங்கப் பாவு நூலுக்குக் கூடுதல் நீளம் தேவை. அதை அது தன் நீட்சியிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டியிருப்பதால் துணி பாவுத் திசையில் குறுகுகிறது. சட்டையையும் கால்சட்டையையும் நீளவாட்டில் பாவுத் திசையிலேயே வெட்டுவது வழக்கம். ஆகவே சுருக்கம் அகலத்தைவிட நீளத்தையே அதிகமாகத் தாக்குகிறது. உயரமானவருக்கு எது பற்றாக்குறையோ, அதுவே மேலும் குறைகிறது! நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலும், 26 அங்குலக் கையில் முக்கால் அங்குலம் போய்விடும். துணியை ஆலையிலேயே நீளவாட்டில் நெருக்கிச் சுருக்கிவிடும் முறையை 1930ஐ ஒட்டி அமெரிக்காவில் சான்ஃபோர்டு கிளூயெட் கண்டுபிடித்தார். 'சான்ஃபரைஸ்டு' என்ற முத்திரை அவர் பெயரிலிருந்து வந்தது.

தையற்காரரிடம் பழைய சட்டை ஒன்றை 'அளவுச் சட்டை' என்று கொடுத்துவிட்டு வந்துவிடுவது நம்மவர் வழக்கம். உயரமானவர் இதைச் செய்யக் கூடாது. அந்தப் பழைய சட்டை பலமுறை துவைத்துச் சுருங்கியது. அதன் குறை புதுச் சட்டைக்கும் வழிவழியாகச் சேரும். நேரில் நின்று அளவு கொடுங்கள். கையை நீட்டி அல்ல, முழங்கையைச் சற்று மடக்கி வைத்துக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள். மடக்கும்போது துணி முழங்கையின் வெளிப்புறத்தைச் சுற்றிச் செல்வதால் கூடுதல் நீளம் வேண்டியிருக்கிறது.

அழகைப் பற்றியும் ஒரு சொல். உயரமானவர் குறுக்குக் கோடிட்ட சட்டை அணிந்தால் உயரம் குறைந்து தோன்றும் என்று கூறுவதுண்டு. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867இலேயே இதற்கு எதிரானதைக் குறிப்பிட்டிருக்கிறார்: குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரம் கூடியதாகத் தோன்றும். ஒரு தாளில் வரைந்து நீங்களே பார்க்கலாம். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் ஆடையணிந்த உருவப் படங்களைக் கொண்டு செய்த சோதனைகளும், குறுக்குக் கோடு உருவத்தை அகலமாகக் காட்டுவதில்லை என்றே தெரிவித்தன. என்னைக் கேட்டால், உயரத்தை மறைக்க முயல்வதே வீண் வேலை. கைப்பட்டை மணிக்கட்டு எலும்பில் நின்று, தோள் தையல் தோளின் முனையில் அமர்ந்திருந்தால், கட்டமோ கோடோ எது போட்டாலும் எடுப்பாகவே இருக்கும்.

துணி வாங்கும்போது கடைசியாக ஒரு கூட்டல் கணக்கு. கால்சட்டைத் துணி பெரும்பாலும் 1.2 மீட்டர் துண்டாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். 112 செ.மீ. நீளக் கால்சட்டை அணிபவருக்குச் சுருக்கத்துக்கு 3.5 செ.மீ., அடி மடிப்புக்கு 5 செ.மீ. சேர்த்தால் 120.5 செ.மீ. ஆகிறது. அரை செ.மீ. போதவில்லை. வெட்டி வைத்த துண்டை விட்டுவிட்டு, சுருளிலிருந்து 1.3 மீட்டர் கிழித்துத் தரச் சொல்லுங்கள்.