அரைக்காலுக்குள் ஓர் அடுக்கு விதி

2³ என்றால் மூன்று இரண்டுகளின் பெருக்கல், எட்டு. 2² நான்கு. இரண்டையும் பெருக்கினால் மொத்தம் ஐந்து இரண்டுகள் வரிசையில் நிற்கும். ஆகவே 2⁵, அதாவது 32. அடிமானம் ஒன்றாக இருந்தால், பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டு, வகுக்கும்போது கழி. இதுவரை வகுப்பில் சத்தமே இருக்காது. 2⁰ வந்ததும்தான் சலசலப்பு. ஓர் இரண்டுகூட இல்லையென்றால் பூஜ்ஜியம்தானே வரவேண்டும்? ஒன்று எப்படி வந்தது?

"அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று கடந்துபோவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். 8, 4, 2 என்று இறங்கிப் பாருங்கள். அடுக்கு ஒன்று குறையக் குறைய மதிப்பு பாதியாகிறது. இரண்டில் பாதி ஒன்று. அங்கே அடுக்கு பூஜ்ஜியம். அத்தோடு நிற்பானேன்? இன்னும் இறங்கினால் அரை, கால், அரைக்கால், வீசம். அடுக்குகள் −1, −2, −3, −4.

அரைக்கால் என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள். காலில் அரை, 1/8. அரைக்கு −1, காலுக்கு −2, கூட்டினால் −3. அடுக்கு என்ற பேச்சே இல்லாமல் அந்த விதி நம் வாய்க்கணக்கில் புழங்கியிருக்கிறது. காலைக் காலால் பெருக்கினால் வீசம், 1/16. அதே கணக்குதான்.

ஐரோப்பாவில் இதை வரிசையாக எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் மிகாயேல் ஸ்டீஃபல் என்ற ஜெர்மானியப் பாதிரியார். 1533இல் உலகம் அழியும் என்று நாள் குறித்துக் கொடுத்து அவமானப்பட்டவர். கணக்கில் மட்டும் அவர் சொன்னது பலித்தது. 1544இல் வெளியான 'அரித்மெட்டிகா இன்டெக்ரா'வில் மேலே −3 முதல் 6 வரை, அதன் கீழே 1/8 முதல் 64 வரை எழுதினார். கீழ்வரிசையில் பெருக்க வேண்டியதை மேல்வரிசையில் கூட்டியே முடித்துவிடலாம். பின்னால் வந்த மடக்கையின் சூட்சுமமும் இதுதான்.

கூட்டலில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. 2³ + 2² வெறும் 12.

சரி, 2⁰ ஒன்று, 2¹ இரண்டு. நடுவில் அரை அடுக்கு வைத்தால்? ஒன்றரை என்று சொல்லத் தோன்றும். விதியிடம் கேட்போம். அரையும் அரையும் கூட்டினால் ஒன்று. எனவே அந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் 2 வந்தாக வேண்டும். ஒன்றரையைப் பெருக்கினாலோ இரண்டேகால் ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது √2: 1.41421... என்று முடிவில்லாமல் நீளும் எண்.