பத்துப் பேரின் தூக்கமும் கணிப்பொறியின் இரண்டு தீர்ப்புகளும்

ஒரே கணக்கிற்கு இரண்டு விடைகள் வருமா? வராது என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். ஆனால் ஒரே இருபது எண்களை ஒரே கணிப்பொறியில் கொடுத்து, அது ஒருமுறை ‘வேறுபாடு இருப்பதாகச் சொல்லப் போதிய சான்று இல்லை’ என்றும், மறுமுறை ‘தெளிவான சான்று இருக்கிறது’ என்றும் சொல்வதை இப்போது பார்க்கப் போகிறோம். கணிப்பொறியில் பழுது ஒன்றும் இல்லை. கூட்டலும் கழித்தலும் இரண்டு முறையும் சரியாகவே நடக்கின்றன.

மனிதர்களின் தூக்கம், கவனம், நினைவாற்றல், பழக்கவழக்கங்கள் ஆகியவற்றை ஆராய்வது நடத்தை அறிவியல். இயற்பியல்காரர்களாகிய எங்களுக்கு ஒரு வசதி உண்டு. இரும்புக் குண்டை எத்தனை முறை கீழே போட்டாலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விழும். மனிதர்கள் அப்படி அல்லர். ஒருவர் படுத்தவுடன் உறங்குவார். இன்னொருவர் நள்ளிரவு வரை புரண்டுகொண்டிருப்பார். இந்த வேறுபாடுகளுக்கு நடுவே ஓர் உண்மையைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் வேண்டும். அந்தக் கணக்குகளை விரைவாகச் செய்யக் கணிப்பொறி வேண்டும்.

சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்காக எஸ்.பி.எஸ்.எஸ். என்ற மென்பொருள் 1968-இல் அமெரிக்காவில் உருவானது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்சும் அவருடைய தோழர்களும் 1976-இல் ‘எஸ்’ என்ற புள்ளியியல் மொழியை உருவாக்கத் தொடங்கினர். அதன் வழியில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் ‘ஆர்’ என்ற மொழியை அமைத்தனர். இருவர் பெயருக்கும் முதல் எழுத்து ஆர் என்பதைக் கவனித்தீர்களா? இம்மொழி இலவசமாகவே கிடைக்கிறது. நமது சோதனையையும் இதிலேயே செய்வோம்.

ஆர் மொழியை நிறுவியதும் அதனுடன் சில அட்டவணைகளும் சேர்ந்தே வருகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘ஸ்லீப்’, அதாவது தூக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு மனநல மருத்துவமனையில் இருந்த பத்து நோயாளிகளுக்கு வெவ்வேறு இரவுகளில் வெவ்வேறு தூக்க மருந்துகள் கொடுக்கப்பட்டன. மருந்தில்லாத இரவுகளைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாக உறங்கினார்கள் என்று கணக்கெடுத்தனர். குஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் 1905-இல் இதை வெளியிட்டனர். அட்டவணையில் உள்ள இரண்டு மருந்துகளின் எண்கள் இவை:

முதல் மருந்து: 0.7, –1.6, –0.2, –1.2, –0.1, 3.4, 3.7, 0.8, 0.0, 2.0

இரண்டாம் மருந்து: 1.9, 0.8, 1.1, 0.1, –0.1, 4.4, 5.5, 1.6, 4.6, 3.4

கழித்தல் குறி இருந்தால் தூக்கம் குறைந்தது என்று பொருள். முதல் வரிசையின் சராசரி 0.75 மணி, இரண்டாம் வரிசையின் சராசரி 2.33 மணி. இடைவெளி 1.58 மணி, அதாவது சுமார் 95 நிமிடம். இது மருந்தின் வேலையா, தற்செயலா?

இதற்கு ‘டி சோதனை’ என்ற ஒன்று இருக்கிறது. டப்ளின் நகரில் கின்னஸ் மது ஆலையில் பணியாற்றிய வில்லியம் காசெட் என்பவர் 1908-இல் இதற்கு வழிவகுத்தார். ஆலையின் விதிகள் காரணமாகச் சொந்தப் பெயரில் எழுத முடியாமல் ‘ஸ்டூடண்ட்’, அதாவது மாணவர், என்ற புனைபெயரில் எழுதினார். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டது இதே பத்துப் பேரின் தூக்கத்தைத்தான்!

இரண்டு வரிசைகளையும் கொடுத்து, டி சோதனைக்கான கட்டளையைத் தட்டச்சு செய்கிறோம். பி-மதிப்பு 0.079 என்று வருகிறது. இதன் பொருள் என்ன? இரண்டு மருந்துகளும் உண்மையில் சமம் என்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ வேறுபாடு தற்செயலாகத் தோன்ற 100-க்கு 8 வாய்ப்பு உண்டு என்பதே. (மருந்து பயனற்றது என்பதற்கான வாய்ப்பு 8 என்று இதைப் படிக்கக் கூடாது. படித்தவர்கள்கூட இங்கே தடுக்கி விழுகிறார்கள்.) 100-க்கு 5-ஐவிடக் குறைந்தால்தான் குறிப்பிடத்தக்கது என்பது ஆய்வாளர்களின் வழக்கம். எனவே முதல் தீர்ப்பு: போதிய சான்று இல்லை.

இப்போது அதே கட்டளையில் ஒரு சொல்லை மட்டும் சேர்க்கிறோம்: ‘இவை இணைகள்’. பி-மதிப்பு 0.0028 ஆகிவிடுகிறது. 1000-க்கு 3 கூட இல்லை!

என்ன நடந்தது? முதல் முறை நாம் ஒன்றும் சொல்லாததால், பத்துப் பேர் ஒரு மருந்தும் வேறு பத்துப் பேர் இன்னொரு மருந்தும் உண்டதாகக் கணிப்பொறி எடுத்துக்கொண்டது. உண்மையில் இரண்டையும் உண்டவர்கள் அதே பத்துப் பேர். ஏழாம் நோயாளியைப் பாருங்கள்: எந்த மருந்துக்கும் நன்றாகத் தூங்குகிறார், 3.7, 5.5. இரண்டாமவருக்கோ –1.6, 0.8. ஆளுக்கு ஆள் உள்ள இந்தப் பெரிய ஏற்றத்தாழ்வு மருந்தின் வேறுபாட்டை மூடி மறைத்துவிடுகிறது. ஆய்வகத்தில் வெர்னியர் அளவியின் சுழிப்பிழையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவியில் எடுத்த இரண்டு அளவுகளைக் கழித்தால் சுழிப்பிழை தானே அடிபட்டுப் போகும் அல்லவா? அதுபோல ஒவ்வொருவருக்கும் இரண்டாம் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் அவரவர் இயல்பு பெரும்பாலும் நீங்கிவிடும். மீதி வருவன: 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. ஒன்றுகூடக் கழித்தல் குறியுடன் இல்லை!

கணிப்பொறியை நம்பாதவர்கள் காகிதத்திலேயே சரிபார்க்கலாம். வேறுபாடே காட்டாத ஐந்தாமவரை விட்டுவிடுங்கள். மற்ற ஒன்பது பேருக்கும் இரண்டாம் மருந்தே மேல். மருந்துகள் சமமானால், ஒன்பது முறை நாணயம் சுண்டி ஒன்பதும் ஒரே பக்கமாக விழுவது போன்றது இது. பூவோ தலையோ, ஏதோ ஒரே பக்கம் விழ வாய்ப்பு 256-இல் 1. அதாவது 1000-க்கு 4. நாணயக் கணக்கும் இரண்டாம் தீர்ப்பின் பக்கமே நிற்கிறது.

ஆய்வு மாணவர்கள் சிலர் என்னிடம் வந்து, “எந்தக் கட்டளை சார்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். “யாரை, எத்தனை முறை அளந்தீர்கள்?” என்று நான் திருப்பிக் கேட்பேன். ஓராண்டு உழைத்துச் சேர்த்த எண்களில் ஆள் எண்ணைக் குறிக்காமல் விட்டவர்களும் உண்டு. எந்த எண் யாருடையது என்று பிறகு எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க இயலாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இரண்டு வரிசைகளைக் கொடுத்து இணைகள் என்றால், முதலுக்கு முதல், இரண்டுக்கு இரண்டு என்று இருக்கும் வரிசைப்படியே கணிப்பொறி சேர்த்துவிடும். இடையில் ஒரு வரிசையை மட்டும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டால், ஒருவர் தூக்கம் இன்னொருவர் கணக்கில் ஏறும். எச்சரிக்கை எதுவும் திரையில் வராது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். தோழர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் விடட்டும். நீங்கள் விரல்களால் பிடியுங்கள். 15 செ.மீ. விழுந்த பின் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.175 விநாடி. வகுப்பில் பத்துப் பேர் வலக்கையாலும் இடக்கையாலும் செய்யுங்கள். பாதிப் பேர் வலக்கையிலும் பாதிப் பேர் இடக்கையிலும் தொடங்கட்டும். இல்லாவிட்டால் பழக்கத்தால் வந்த வேகம் கையின் வேகமாகத் தோன்றும். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: ஆள் எண், கை, விழுந்த தூரம். ஆள் எண் பத்தியை முதலில் நிரப்புங்கள்.