அம்புலன்ஸ் கூலியை நிர்ணயிப்பது யார்?

அவசர நோயாளியை ஏற்றிச் செல்பவர் வழியில் நின்று விலை பேச முடியாது. ஆகவே, பணம் கொடுப்பவர் வகுக்கும் விதியே அத்தொழிலின் உயிர்நாடி.

ஐக்கிய அமெரிக்காவில் தகுதியுள்ள முன்னாள் படைவீரர்களின் அம்புலன்ஸ் செலவை முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களம் ஏற்கிறது. ஒப்பந்தம் இல்லாதவிடத்து, பில்லில் உள்ள உண்மையான கட்டணத்தையே அது கொடுத்து வந்தது. 2023இல் புதிய விதியொன்றை அறிவித்தது: உண்மையான கட்டணம், முதியோருக்கான அரச காப்புறுதியான மெடிகெயாரின் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். 2024 பெப்ரவரியில் அமுலாகவிருந்த இவ்விதி, எதிர்ப்புக் கிளம்பியதால் ஒத்திவைக்கப்பட்டது.

பொதுப்பணத்தை அரசு சிக்கனமாகச் செலவிட நினைப்பது நியாயமே. ஆனால், ஹெலிகொப்டர் அம்புலன்ஸ் பறக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே அதிகம். விமானிக்கும் தாதிக்கும் இரவு பகலாகச் சம்பளம் போய்க்கொண்டேயிருக்கும். மொன்டானா போன்ற மாநிலங்களில் ஊர்கள் சிறியவை, வைத்தியசாலையோ வெகுதூரம். அங்கே கூலி அடக்கவிலைக்கும் கீழே இறங்கினால் சேவை மூடப்படும். பாதிப்பு முன்னாள் வீரருக்கு மட்டுமல்ல, ஊருக்கே.

அரசுக்குச் சேவை வழங்கும் வியாபார அன்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓடும் செலவோடு காத்திருக்கும் செலவையும் சேர்த்தே விலை கூறுங்கள். அதை எழுத்துமூல ஒப்பந்தத்தில் முற்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த அமெரிக்க விதிகூட ஒப்பந்தக்காரரின் விலையில் கைவைக்கவில்லை.